துரைசானிக்கு ஒரு வீடு

2003 மே 13, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். சளி, தடிமன் என்று ஆபீஸில் சொல்லிவிட்டுத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். புது மிட்வைஃப் ஜொய்சி வந்து மூன்று மாதம் ஆகிறது. எனக்கு இது ஐந்தாவது தடிமன்.

உள்ளே ஒரே கூச்சல். மருந்து அலுமாரிக்கு மேலே சுவரில், என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. சாம்பல் நிறம், உடம்பெல்லாம் மயிர், முதுகில் கோலம் போட்ட மாதிரி வரிகள். மருந்துக்கு வந்த பெண்கள் விளக்குமாற்றைத் தூக்கிவிட்டார்கள். கதவோரம் நின்ற ஜொய்சி, "அடிக்காதீங்க, பாவம். அது யாரை என்னா பண்ணிச்சு? யாராச்சும் புடிச்சி வெளிய விடுங்களேன்" என்றார்.

யாராச்சும்! அங்கே நின்ற ஒரே ஆண்பிள்ளை நான். "குடுங்க மிஸ், நானே கொண்டுபோய் வளக்கிறேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. வெளியே விடத்தானே சொன்னார்? வளர்க்கச் சொன்னது யார்? ஒரு கரப்பான் பூச்சி வந்தாலே சமையல் செய்ய வரும் வேலாயியைக் கூப்பிடுகிறவன் நான். வயது முப்பத்தாறு.

கண்ணை மூடிக்கொண்டு பஞ்சுப் போத்தலை அதன் மேல் கவிழ்த்தேன். ஜொய்சி தூர நின்றபடியே ஒரு அட்டையை நீட்டினார். கை நடுங்குதே என்றார். குளிர் என்றேன்.

மே 14, புதன்

போத்தல் என் குவாட்டர்ஸ் மேசையில். நான் ஆபீஸில். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை.

மே 17, சனி

போத்தலுக்குள் எத்தனை நாள் வைத்திருப்பது? பள்ளிக்கூடத்து முத்துலிங்கம் மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். யாழ்ப்பாணத்து மனிதர், விஞ்ஞானம் படிப்பிக்கிறார். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். "உது நிலத்துச் சாமான், ஜூட். வளை தோண்டி உள்ளுக்கை இருக்கும். அகலமான பெட்டியா எடுத்து அரைவாசிக்கு மண்ணைப் போடுங்கோ" என்றார்.

என்னிடம் ஒரு பழைய மீன் தொட்டி உண்டு. அதிலிருந்த மீன்கள் என் பராமரிப்பில் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று இங்கே எழுதப்போவதில்லை. தேயிலை மலையிலிருந்து மண், அதன்மேல் பச்சைப் பாசி, குகைக்குக் கவிழ்த்த தேங்காய்ச் சிரட்டை, தண்ணீருக்குப் போத்தல் மூடி, எல்லாவற்றுக்கும் மேலே கனமான பலகை. இவ்வளவு வசதி செய்து கொடுத்துவிட்டு வெறுமனே சிலந்தி என்று கூப்பிட மனம் வரவில்லை. பங்களாவில் இருக்கும் தோட்டத்து மேனேஜர் துரையின் சம்சாரத்தைக் கூப்பிடுவது போலத் துரைசானி என்று பெயர் வைத்தேன்.

மே 22, வியாழன்

துரைசானி தோண்டவில்லை. குகையை எட்டியும் பார்க்கவில்லை. மூடிப் பலகைக்கு அடியில், மூலையில், தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கிறாள். மூடியைத் தூக்கினால் என் விரலுக்குப் பக்கத்தில் முதலில் இருப்பது அவள்தான். ஆகவே நான் மூடியைத் தூக்குவதில்லை. ஆகவே தண்ணீரும் வைப்பதில்லை. இடுக்கியில் ஒரு கரப்பானைப் பிடித்துக்கொண்டு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், கோயிலைச் சுற்றுகிற மாதிரி.

மாஸ்டரிடம் சொன்னேன். "அதுக்கு இன்னும் இடம் பழகேல்லை" என்றார்.

ஜூன் 1, ஞாயிறு

மழை பிடித்துவிட்டது. தொட்டிக்குள்ளும் மழைதான். கண்ணாடி முழுக்க வேர்வை, பாசி மேல் வெள்ளைப் பூஞ்சணம், சிரட்டையில் குட்டிக் குட்டியாகக் காளான். துரைசானி கால்களை ஒடுக்கிக்கொண்டு சுருங்கிப்போய் இருக்கிறாள்.

பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் ஜொய்சி கேட்டார். "ஒங்க ஆளு நல்லா இருக்கா?"

"ராசாத்தி மாதிரி இருக்கு மிஸ்."

கோயில் வாசலில் நின்று அண்டப்புளுகு. "ஒரு நாளைக்கு வந்து பாக்கணும்" என்றார். அதைக் கேட்ட சந்தோசத்தில் குடையை விரிக்க மறந்து வீடு வரை நனைந்து வந்தேன். அவர் வரும்போது தொட்டியில் பிணம்தான் கிடக்கும் என்பது தலை துவட்டும்போதுதான் உறைத்தது. அது செத்தால் என் கதையும் முடிந்தது. அவரிடம் நல்ல பேர் எடுக்க எனக்கு இருக்கிற ஒரே வழி இந்த எட்டுக்கால்தான்.

ஜூன் 7, சனி

ஹட்டன் டவுனுக்குப் போனேன். புதிதாகத் திறந்த நெட் கஃபேயில் உட்கார்ந்து தேடினேன். அடேயப்பா! நம்ம மலைச் சிலந்தி ஜெர்மனியில் இருக்கிறது. வெள்ளைக்காரன் ஆசை ஆசையாக வாங்கி வளர்க்கிறான்.

நிலத்துச் சாமானே இல்லை, மரப்பொந்தில் வாழ்கிற சாதி. மண் ஆழம் வேண்டாம், உயரம் வேண்டும். மூடி மேலே இருக்கக் கூடாது, முன்பக்கம் கதவு வேண்டும். ஏறி ஒளிந்துகொள்ள நிமிர்த்தி வைத்த மரப்பட்டை. எல்லாவற்றையும் விட முக்கியம் காற்று. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துச் செத்துவிடும். அந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

கடைக்காரப் பையன் லக்ஸ்மன் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "அண்ணே, இங்க எத்தனையோ மாதிரிப் படம் பாக்க வர்றாங்க. இது புதுசு" என்றான்.

ஜூன் 10, செவ்வாய்

தோட்டத்துத் தச்சர் இராமையாவைக் கூப்பிட்டேன், தச்சு பாஸ் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ரிப்பேர் விண்ணப்பமெல்லாம் கிளாக்கராகிய என் மேசைக்கு வந்துதான் துரையிடம் போக வேண்டும். பாஸை எங்கே அனுப்புவது என்பதும் என் கையில். ஆகவே 'ஆபீஸ் அலுமாரி ரிப்பேர்' என்று போட்டு அவரை என் குவாட்டர்ஸுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

பழைய தேயிலைப் பெட்டிப் பலகை. ஆபீஸில் கழற்றிப் போட்ட ஜன்னல் கதவு ஒன்று கண்ணாடியோடு கிடந்தது, அது முன்பக்கத்துக்கு. இரண்டு பக்கமும் ஃபெக்டரியில் கழித்துப்போட்ட சல்லடைக் கம்பிவலை.

"என்னா சாமான் ஐயா வைக்கப் போறீங்க?"

"பூச்சி."

பாஸ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பூச்சி அரிக்காத பெட்டி கேட்டவர்களைப் பார்த்திருப்பார். பூச்சிக்கே பெட்டி கேட்டவனை இன்றுதான் பார்க்கிறார்.

மத்தியானம் சோறு போடும்போது வேலாயி மறுபடி லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவுக்கு ஜன்னல் வேண்டும் என்று ஆரம்பித்தாள். துரை ஓடர் குடுக்கணுமே வேலாயி என்றேன், வழக்கம் போல.

ஜூன் 21, சனி

குடிபுகுந்தாயிற்று! மருந்தடிக்கிறவர்களின் பூட்ஸ், கையுறை, முகமூடி எல்லாம் ஸ்டோரில் வாங்கிப் போட்டுக்கொண்டேன். தொட்டி மூடியைத் தூக்கியதும் துரைசானி ஒரே ஓட்டமாக என் கைவரை வந்து நின்றாள். நான் மேசை மேல் ஏறி நின்றேன். எப்படி ஏறினேன் என்று இப்போதும் தெரியவில்லை. பிறகு அவளாகவே பக்கத்தில் திறந்து வைத்திருந்த புதுப் பெட்டிக்குள் நடந்து போய், நிமிர்ந்த பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதன் பின்னால் ஏறி மறைந்தாள். சாயங்காலம் ஒரு கரப்பானையும் பிடித்துத் தின்றாள்.

இரண்டு பக்கமும் காற்று. ஒரு துளி வேர்வை இல்லை. பெட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஜொய்சி வந்தார். பூசைக்குக் கட்டிய நீலச் சேலையோடு. பெட்டியை விட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் வலையா?"

"ஆமா மிஸ். காத்து ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகணும். இல்லாட்டி பூஞ்சணம் புடிச்சி செத்துரும்." பாடமாக்கி வைத்திருந்ததை அப்படியே ஒப்பித்தேன்.

அந்த நேரம் பார்த்து வேலாயி தேத்தண்ணி கொண்டு வந்தாள். இடுப்பில் கைப்பிள்ளை. பிள்ளை இருமியது. இருமி முடிக்க நேரம் எடுத்தது.

வேலாயி குசினிக்குப் போனதும் ஜொய்சி கேட்டார். "ஏழாம் லயத்துல இவ காம்பராவுக்குப் போயிருக்கீங்களா?"

"இல்ல மிஸ்..."

"புள்ளைக்கு நாலாவது தடவையா நெஞ்சுச் சளி. அடுப்புப் பொகை போக ஒரு ஓட்டை இல்ல. செவரெல்லாம் பூஞ்சணம். ஜன்னல் கேட்டு ரெண்டு வருசமாச்சாம்."

"அதுக்குத் துரை ஓடர் குடுக்கணும் மிஸ்."

பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதுக்குக் குடுத்தாரா?"

தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டார்.

ஜூன் 30, திங்கள்

நானா லயத்தைக் கட்டுனேன்? வெள்ளைக்காரன் கட்டுனான், அவன் ஜன்னல் வைக்கல, அதுக்கு நான் என்னா பண்றது? எழுதி அனுப்புனா துரை கையெழுத்துப் போடணும். போடல. போடாட்டி நான் — சரி, இந்த வருசம் எழுதி அனுப்பினேனா? இல்லை. போன வருசம்? ஒரு தடவை. அதுக்கப்புறம் எதுக்கு வீணாக் கேக்கணும்னு விட்டுட்டேன். துரைசானிக்கு மட்டும் மண் சரியில்ல, மூடி சரியில்லன்னு ஹட்டன் வரைக்கும் ஓடினேனே.

ஜூலை 2, புதன்

ஏழாம் லயம் ஆபீஸிலிருந்து கூப்பிடு தூரம். இந்தத் தோட்டத்துக்கு வந்து எட்டு வருசம். இன்றுதான் குனிந்து உள்ளே போனேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை, புகைதான். கண்ணில் நீர் வடிந்து முடிந்த பிறகு சுவர் தெரிந்தது. என் தொட்டியில் பிடித்த அதே வெள்ளைப் பூஞ்சணம். "கதவத் தெறந்தா குளிரு, சாத்துனா பொகை. என்னாத்த செய்யிறதுங்க ஐயா" என்றாள் வேலாயி. குறை சொல்கிற குரலே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பிள்ளையைக் கதவிடுக்கில் காற்று வருகிற பக்கம் தலைவைத்துக் கிடத்தியிருந்தாள். துரைசானி மூடியோரம் போய் ஒட்டிக்கொண்டிருந்தது எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. வேறு சொல் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இராமையா பாஸும் நானும் வேலாயி காம்பராவின் பின்சுவர் முன்னால் நின்றோம்.

"ஓடர் இருக்குங்களா ஐயா?"

"இருக்கு."

"யாரு குடுத்தா?"

"நான்தான்."

பாஸ் சிரித்துக்கொண்டே சுத்தியலைத் தூக்கினார். வலைக்கும் கண்ணாடிக்கும் ஸ்டோரில் கேட்டால் விசயம் துரைக்குப் போய்விடும். அதனால் காலையிலேயே துரைசானியைப் பஞ்சுப் போத்தலில் ஏற்றி, டிஸ்பென்சரிக்குப் பின்னால் நிற்கும் பட்டுப்போன மரத்தில் விட்டுவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள். நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பயந்து பயந்தே பழகிவிட்டேன் போலிருக்கிறது.

பெட்டியைப் பிரித்தோம். கண்ணாடிக் கதவு பழையபடி ஜன்னல் கதவானது. கம்பிவலை அடுப்புக்கு மேலே புகை போக. திறந்ததும் புகை கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு வெளியே போயிற்று. லயமே கூடி நின்று பார்த்தது.

ஜூலை 8, செவ்வாய்

துரை கூப்பிட்டார். யாரைக் கேட்டுச் சுவரை உடைத்தாய் என்றார். யாரையும் கேட்கவில்லை, சிலந்திப் பெட்டிக்கும் கேட்கவில்லை, அதற்கு ஒன்றும் சொல்லவில்லையே துரை என்றேன். சிலந்திப் பெட்டி விசயம் அதுவரை அவருக்குத் தெரியாது. நானாகவே போய் மாட்டிக்கொண்டேன்.

மாத முடிவுக்குள் வேறு தோட்டத்துக்கு மாற்றம். நல்லதண்ணிப் பக்கம்.

ஜூலை 13, ஞாயிறு

ஏழாம் லயத்தில் இன்று எல்லாக் காம்பராவிலும் டம் டம் என்று சத்தம். தகரம், பலகை, பழைய ஜன்னல் என்று எங்கெங்கிருந்தோ கொண்டு வந்து அவர்களே உடைத்து வைக்கிறார்கள். இராமையா பாஸ் ஒவ்வொரு காம்பராவாகப் போய் மட்டம் பார்க்கிறார். துரை ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு, இறங்காமலே திரும்பிப் போனாராம். ஒரு கிளாக்கரை மாற்றலாம். ஒரு லயத்தை எங்கே மாற்றுவது?

ஜூலை 19, சனி

சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது ஜொய்சி வந்தார். வேலாயியின் பிள்ளை இரண்டு நாளாக இருமாமல் தூங்குகிறது என்றார். அதைச் சொல்ல அவ்வளவு தூரம் ஏறி வந்தாரா?

போகிற நேரத்தில் பொய்யோடு போக மனமில்லை. "மிஸ், எனக்குச் சிலந்தின்னா உயிர் போகும். அன்னைக்கு நடுங்கினது குளிர்ல இல்ல" என்றேன்.

"தெரியும். கண்ண மூடிக்கிட்டுத்தானே புடிச்சீங்க." பிறகு மெதுவாக, "எனக்கும்தான் பயம். அதான் கதவுகிட்ட நின்னேன்" என்றார்.

நல்லதண்ணி எவ்வளவு தூரம், பஸ் எத்தனை மணிக்கு என்று அவரே கேட்டார். தேத்தண்ணியையும் குடித்தார்.

2004 ஜனவரி 18, ஞாயிறு

எனக்கும் ஜொய்சிக்கும் கல்யாணம் முடிந்து இன்றோடு எட்டாவது நாள். மலைக்கு யாத்திரை போகிற பஸ்கள் காலையிலிருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டு போகின்றன. பூசைக்குப் புறப்பட்டு ஜொய்சி சேலைக்கு ஊசி குத்தும்போது சுவரில் ஒன்று. துரைசானியின் தங்கச்சியாக இருக்கும், அதே கோலம். ஜொய்சி கட்டில் மேல் ஏறிவிட்டாள். நான் கதிரை மேல்.

"பெட்டி செய்யவா?" என்று கேட்டேன், ஆண்பிள்ளைக் குரலில்.

"மொதல்ல இந்தத் தோட்டத்துல எத்தன காம்பராவுக்கு ஜன்னல் இல்லன்னு பாத்துட்டு வாங்க."

ஆறு மாதமாக இங்கே இருக்கிறேன். பார்க்கவில்லை. செய்தது ஒரு ஜன்னல், அதைச் சொல்லிச் சொல்லியே ஆறு மாதம் ஓட்டியிருக்கிறேன். மூன்று லயமும் ஏறி இறங்கிவிட்டு வந்தேன். பதினாலு.

வந்து பார்த்தால் சிலந்தி சுவரில் அதே இடத்தில் இருக்கிறது. ஜொய்சியும் கட்டில் மேல் அதே இடத்தில் நிற்கிறாள்.

"இங்க தச்சு பாஸ் யாருன்னு கேட்டீங்களா?" என்றாள், இறங்காமலே.