மேலே ஏற்றவேண்டியவை

கொழும்பு 06
நவம்பர் 8

அன்புள்ள பர்ஹா,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எதிர் ஃபிளாற் நேசம் அக்கா உனக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்ப முதல் நானே சொல்வதுதான் மரியாதை. போன புதன்கிழமை பட்டப்பகலில், நைட்டிக்கு மேலே துவாயைப் போர்த்துக்கொண்டு, மணல் களவெடுத்துப் பிடிபட்டேன். அதுவும் உன்னுடைய வீட்டில். அதாவது நீ விற்றுவிட்டுப் போன வீடு நின்ற இடத்தில். ஒன்பது மாடி எழும்பப் போகிறதாம். இப்போதைக்கு உன் குசினி இருந்த பக்கம் ஒரு மணல் மலைதான் எழும்பியிருக்கிறது.

மழைக்கு முதல் வாசலில் மண்மூட்டை அடுக்க வேண்டுமல்லவா? கடையில் கேட்டால் லொறிக் கணக்கில்தான் தருவார்களாம். நானே இரண்டு உரப்பையை நிறைத்து, இழுத்துக்கொண்டு வந்து, கேற்றைப் பூட்டி, பெரிய வீராங்கனை மாதிரி இருந்து தேத்தண்ணீர் குடிக்கிறேன், மணி அடிக்கிறது. காவலுக்கு நிற்கும் ஒஸ்வால்ட். கொட்டாஞ்சேனை ஆள், நாற்பது வயதிருக்கும், சிரிப்பை அடக்கத் தெரியாத முகம். “அன்ரி, களவெடுக்கிறதெண்டா ஓட்டையில்லாத பையாப் பார்த்துக் கொண்டு வரணும்” என்றார். எட்டிப் பார்த்தால் அவருடைய மலையிலிருந்து என் கேற் வரைக்கும் ஒரே மணல் கோடு. நில அளவையில் இருபத்தெட்டு வருசம் வேலை செய்த என் மனுசன்கூட அப்படி நேராக ஒரு கோடு கீறியிருக்கமாட்டார்.

நல்ல மனிதர், பிறகு தானே மூன்று பை கொண்டுவந்து வாசலில் அடுக்கித் தந்தார். அடுக்கி முடித்துவிட்டு, “இது தண்ணியக் கொஞ்சம் பிந்தி வரச் சொல்லும் அன்ரி, வராதே எண்டு சொல்லாது” என்றார்.

இதையெல்லாம் கோல் எடுத்துச் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். என் மனுசனுடைய கட்டில் ஹோலில் கிடக்கிறது. பாரிசவாதம் அவருடைய காலையும் வாயையும் கொண்டுபோனதே தவிர காதைக் கொண்டுபோகவில்லை. ஃபோனில் நான் கதைக்கிற ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்கும். இந்தக் கடிதத்தில் எழுதுவது அவருக்குக் கேட்கக் கூடாது.

மற்றபடி ஆயத்தமெல்லாம் வெகு ஜோர். ஏணி வைத்து ஏறிக் கூரைப் பீலியைத் துப்புரவாக்கினேன். நேசம் அக்கா நாலாம் மாடியில் நின்று அதைப் படம் எடுத்து ஒழுங்கை வட்ஸ்அப் குறூப்பில் போட்டிருக்கிறா. என்னுடைய பின்பக்கத்துக்கு இவ்வளவு பேர் கைகூப்புவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வாசல் கானுக்குள் அடைப்பெடுக்கக் கம்பி விட்டுக் குத்தினேன். ஜன்னல்களுக்குத் தறப்பாள் கட்டினேன். கடல் இப்போதே மரீன் டிரைவ் பக்கம் கோபமாய்த்தான் கிடக்கிறது. கடல் ஏறி நின்றால் கால்வாய்த் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் எங்கள் ஒழுங்கைக்குத்தானே திரும்பி வரும். முந்தியென்றால் உன் முற்றத்தில் பாதி, என் முற்றத்தில் பாதி என்று பங்குபோட்டுக்கொள்ளும். இப்போது உன் காணியை மண் போட்டு ஒன்றரை அடி உயர்த்திவிட்டார்கள். இனி முழுவதும் எனக்குத்தான். உன்னைக் குறை சொல்லவில்லை பர்ஹா. தண்ணீரைத்தான் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு ஒன்றாகச் சாமான்களை மேல் அறைக்கு ஏற்றுகிறேன். பதினாலு படி, ஒவ்வொன்றும் என் முழங்காலைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அரிசி ஏறிவிட்டது. தையல் மெஷின் ஏறிவிட்டது. வீட்டு உறுதியைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோய் வைத்தேன். இந்த வீட்டில் உறுதி என்று சொல்ல அந்தக் கடதாசி ஒன்றுதான் மிச்சம். காஸ் சிலிண்டரைக்கூடக் கட்டிப்பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றினேன். இவ்வளவு நெருக்கமாய் நான் ஒருவரையும் பிடித்துக் கனகாலம். கீழே மிச்சம் கட்டிலும், கட்டிலில் இருக்கிறவரும்.

போன வருசத்து வெள்ளத்தில் உன் மனுசனும் பிள்ளைகளும் அவரை ஏற்றிய கோலம் உனக்கு மறந்திருக்காது. பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, ஷிப்லி ஒரு பக்கம், முஸ்அப் ஒரு பக்கம், மஹ்ரூப் நானா முன்னால் நின்று லொறி பின்னெடுக்கிற மாதிரி “ஹரி, ஹரி, தவ டிக்கக்”, சரி, சரி, இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்ட, நான் வீட்டுக்குள்ளேயே அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு போனேன். எதற்கென்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. எட்டாம் படியில் ஷிப்லி மூச்சு வாங்கிக்கொண்டு, “அங்கிள், இனி ராவைக்குக் கொத்துறொட்டி கட்” என்றான். எண்பத்திரண்டு கிலோ மனுசன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் கதிரை சரியப் பார்த்தது. நாங்கள் மேலே போய் அரை மணித்தியாலத்தில் கட்டில் சட்டம் வரைக்கும் தண்ணீர்.

இந்த வருசம் யார் தூக்குவது? நேசம் அக்கா தன் ஃபிளாற்றுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டா. கரண்ட் போனால் லிஃப்ற் நிற்குமே என்றேன். அப்போ நகையை மட்டும் கொண்டுவந்து வையும் என்றா. அவசர இலக்கம் ஒன்றுக்கு எடுத்து, என்னுடைய வெள்ளவத்தைச் சந்தைச் சிங்களத்தில், “மஹத்தயாட்ட யன்ன பே”, ஐயாவால் போக ஏலாது என்று விளக்கினேன். அந்தப் பிள்ளை, அப்படியென்றால் வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள் என்று மிகவும் அன்பாகச் சொன்னாள். பிழை அவளில் இல்லை. முப்பது வருசமாக நான் மரக்கறி விலையைத் தவிர வேறொன்றும் சிங்களத்தில் கேட்டதில்லை.

அவரையே கேட்கலாம் என்று பார்த்தால், அவரிடம் மிஞ்சியிருப்பது ஒரேயொரு சொல். “ஓம்.” என் வாழ்நாளில் நான் சொன்ன எதற்கும் ஓம் சொல்லாத மனுசன், இப்போது எல்லாவற்றுக்கும் ஓம். கஞ்சி போதுமா, ஓம். இன்னும் ரெண்டு கரண்டி குடிப்பீங்களா, ஓம். வாய் மட்டும் திறக்காது. தண்ணி வந்தால் மேலே போவமா என்றேன், ஓம். இங்கேயே இருப்பமா என்றேன், ஓம். பயமாயிருக்கோ என்றேன். அதற்கும் அதே சொல்தான், ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

கட்டில் காலுக்கு மூன்று மூன்று கல் வைத்து உயர்த்தியிருக்கிறேன். அவர் இப்போது தேரில் இருக்கிற சாமி மாதிரி. நான் மர வாங்கில் ஏறி நின்றுதான் கஞ்சி பருக்குகிறேன். மூன்று கல் எவ்வளவு தண்ணீருக்குக் காணும் என்று எனக்கும் தெரியும். போன கிழமை என் தலையணையை மட்டும் மேல் அறைக்குக் கொண்டுபோய் வைத்தேன். அன்று பின்னேரமே திருப்பிக் கீழே கொண்டுவந்துவிட்டேன். அதற்கு மேல் எழுத ஏலாது, நீயே விளங்கிக்கொள்.

எங்களுக்குப் பிள்ளையில்லை என்ற குறையை உன் பிள்ளைகள் எனக்குத் தெரியாமலே வைத்திருந்தார்கள். நீங்கள் பர்மிங்ஹாமுக்குப் போன பிறகுதான் அந்தக் குறை வீட்டுக்குள் வந்து கதிரை இழுத்துப் போட்டு இருந்தது. உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மாளிகாவத்தையில் உன் ராத்தாவின் மகன் ரிப்கான் இருக்கிறானே, நல்ல வாட்டசாட்டமான ஆள். வெள்ளத்துக்குச் சிவப்பு அறிவித்தல் வந்த அன்று இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு ஒருக்கால் வரச்சொல்லு. தூக்கி மேலே வைத்தால் போதும், இறக்குவதை நான் பார்த்துக்கொள்வேன். நான் நேரே கேட்டால் அழுதுவிடுவேன், பிறகு அவன் வேலைக்குப் போகாமல் என் வாசலிலேயே நிற்பான்.

மஹ்ரூப் நானாவுக்கு என் சலாம். அங்கே குளிராம், மார்பை மூடிக்கொண்டு வெளியே போ. உன் பிள்ளைகளின் தோளுக்கு ஒரு குறையும் வராமல் உன் ஆண்டவனும் என் பிள்ளையாரும் பார்த்துக்கொள்ளட்டும்.

என்றும் உன்
மணி

பி.கு: ரிப்கானிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். கடிதத்தை ஒட்ட முதல், சும்மா ஓர் ஒத்திகைக்கு அவரைத் தூக்கிப் பார்த்தேன். பதினாலு படியும் நான் தனியாகவே ஏற்றிவிட்டேன். காஸ் சிலிண்டரோடு ஒவ்வொரு படியிலும் நின்றேன்; அவரோடு இடையில் எங்கும் நிற்கவேண்டி வரவில்லை.