குளக்கரை வீட்டில் ஓர் இடம்

பம்பாய், மாட்டுங்கா
12-5-1968

சிரஞ்சீவி ஸம்பத்குமாருக்கு அக்கா கமலவல்லியின் ஆசீர்வாதம்.

இரண்டு மாதமாய் நீ கடிதம் போடவில்லை. உன் அத்திம்பேர் போய் வருஷம் திரும்பிவிட்டது. மச்சினர் வீட்டில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நான் கூடத்துக்கு வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. திருவள்ளூருக்கே வந்துவிடலாமென்று பார்க்கிறேன். அப்பாவின் குளக்கரை வீட்டில், நான் பிறந்த பின்கட்டு அறை ஒன்று போதும். சாவி உன்னிடம்தானே இருக்கிறது?

அக்கா

கடம்பத்தூர்
21-5-1968

அக்காவுக்கு ஸம்பத்குமாரின் அநேக நமஸ்காரம்.

உன் கடிதம் நாலு நாளாய்ச் சட்டைப்பையிலேயே இருந்தது. சாவி என்னிடம் இருக்கிறது, வீடு என்னுடையதில்லை. பெருமாள் கோயிலுக்கு அமாவாசைக்கு வருகிறவர்கள் மழையில் குளத்துப் படிக்கட்டில் படுத்துக் கிடக்கிறார்களே என்று அப்பா அதைத் தர்மத்துக்கு எழுதிவைத்தார். ‘என் வாரிசுகளுக்கும் பந்துக்களுக்கும் குடியிருக்கவோ விற்கவோ பாத்தியதை இல்லை’ என்று பத்திரத்தில் இருக்கிறது. நான் டிரஸ்டி, பார்த்துக்கொள்கிறவன், அவ்வளவுதான். சித்தப்பா பிள்ளை குடிவரக் கேட்டபோது இதைக் காட்டித்தான் திருப்பி அனுப்பினேன். உனக்கு மட்டும் எப்படித் திறப்பேன்? எங்கள் ஒண்டுக்குடித்தனத்துக்கு வந்துவிடு. வீட்டில் ஹேமாம்புஜமும் அதையேதான் சொல்கிறாள்.

ஸம்பத்

பம்பாய்
3-6-1968

ஸம்பத்,

ஊராருக்கெல்லாம் திறக்கிற கதவு எனக்குத் திறக்காது என்று தெரிந்துகொண்டேன். அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இனி எழுத ஒன்றுமில்லை.

கமலவல்லி

கடம்பத்தூர்
14-7-1968

அக்காவுக்கு நமஸ்காரம்.

இனி எழுத ஒன்றுமில்லை என்றாயே, அதற்குப் பிறகு நான் போடும் மூன்றாவது கடிதம் இது. ஆடி அமாவாசைக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று. பின்கட்டு அறையில் நின்றால் உன் ஞாபகம்தான். திட்டியாவது ஒரு வரி எழுது.

ஸம்பத்

பம்பாய்
30-7-1968

சிரஞ்சீவி ஸம்பத்துக்கு ஆசீர்வாதம்.

ஆடி அமாவாசைக்கு வந்திருந்தேன். பிரார்த்தனைக்குக் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு, கூட்டத்தோடு வரிசையில் நின்று நம் வீட்டுக்குள் நுழைந்தேன். பாய் கொடுத்துக்கொண்டு நீ வந்தாய். முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். “மாமி, பின்கட்டு அறைக்குப் போங்கோ, காத்து வரும்” என்றாய். எனக்கு முன்னால் நின்ற கிழவிக்கும் அதையேதான் சொன்னாய். தலை நரைத்துவிட்டதே உனக்கு!

பக்கத்தில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, கவரைப்பேட்டையிலிருந்து வந்தவள். “இன்னாம்மா, இது யாரு ஊடு?” என்று கேட்டாள்.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குழந்தை என் பாய்க்கு உருண்டு வந்துவிட்டது.

“நம்மளோடதுதான்” என்றேன். அவள் சிரித்துவிட்டு, குழந்தையை என் பக்கத்திலேயே விட்டுப் படுத்துக்கொண்டாள்.

காலையில் பம்பாய் மெயிலைப் பிடிக்க அரக்கோணத்துக்கு வண்டியேறினேன். கடம்பத்தூரில் நின்றது. பெட்டியின் வாசற்படி வரைக்கும் வந்தேன். அன்று எழுதியதை நினைத்து வெட்கமாயிருந்தது, இறங்கவில்லை. தை அமாவாசைக்கு வரும்போது இறங்குகிறேன். ஸ்டேஷனுக்கு வா.

அக்கா