வரிசை கூடுமிடத்தில் ஒன்று விட்டு ஒன்றாக வண்டிகளை அனுப்பக் கோரும் மனு

அனுப்புநர்:
ப. ஆர்த்திகா, பத்தாம் வகுப்பு மாணவி,
மேலத்தெரு, சுசீந்திரம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் அவர்கள்,
நாகர்கோவில்.

பொருள்: பாலப் பணி நடக்கும் இடத்தில் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடாதது – எங்கள் பள்ளி வேன் ஓட்டுநரின் வேலை பறிபோகும் நிலை – நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஆய்வாளர் ஐயாவுக்குப் பணிவான வணக்கம்.

1. நாகர்கோவில் செல்லும் எங்கள் சாலையில் பாலப் பணிக்காக ஜூன் மாதம் முதல் இடப்பக்கம் அடைக்கப்பட்டுள்ளது. இரண்டு வரிசையாக வரும் வண்டிகள் தகரத் தடுப்புக்கு முன்னால் ஒரே வரிசையாகச் சேர வேண்டும். எங்கள் வேன் கடைசிப் பிள்ளையை ஏற்றும் நிறுத்தம் தடுப்புக்குச் சற்று முன்னால் இடப்புறம் இருக்கிறது. ஆகவே வலது வரிசையில் வருபவர் யாராவது மனம் வைத்தால்தான் நாங்கள் நுழைய முடியும். பாலம் தேவையானது, அதைப் பற்றி எனக்குக் குறையில்லை.

2. வேனை ஓட்டுபவர் திருமதி லீலாபாய். வெளியூரான புதுக்கடையைச் சேர்ந்தவர், ஜூனில்தான் வேலைக்குச் சேர்ந்தார். நான் முன் இருக்கையில் அமர்ந்து பதினான்கு பள்ளி நாட்கள் குறிப்பெடுத்தேன். பதினொரு நாள் தாமதம். ஒரு நாள் பால் வண்டிக்கு அவர் வழிவிட்டார். அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஒன்பது வண்டிகள் போயின. “ஏட்டி, ஓரமா ஒதுக்கு” என்று கண்ணாடியை இறக்கிச் சொன்னவர்களும் உண்டு. அவர் ஹாரன் அடிப்பதில்லை. “நான் அடிச்சா உள்ள இருக்க குட்டிப் பிள்ளைகதான் பயப்படும் மக்கா” என்றார்.

3. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மரியாதை தெரியவில்லை என்று முதலில் குறிப்பேட்டில் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டேன். தெரிந்த முகமாக இருந்தால் அவர்களே வண்டியை நிறுத்தி, “வா மக்கா, கேறி வா” என்று கை காட்டுகிறார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் குறைந்ததா என்றுகூட விசாரிக்கிறார்கள். லீலாபாய் அக்காவை இங்கே யாருக்கும் தெரியாது. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

4. இதற்குச் சான்றாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 12 காலை, வாழைத்தார் ஏற்றிய நீல நிறப் பிக்கப் ஒன்று எங்கள் வேன் பாதி நுழைந்த பிறகும் விடாமல் முன்னே வந்தது. அக்கா பின்னால் எடுத்தபோது சக்கரம் வயலோரச் சேற்றில் இறங்கிவிட்டது. நாங்கள் இறங்கித் தள்ளினோம். பள்ளியை அடைந்தபோது இரண்டாவது பாடவேளை தொடங்கியிருந்தது. அந்தப் பிக்கப்பின் உரிமையாளர் நல்ல மனிதர். அன்று மாலை அவரிடமே கேட்டேன். “அது ஒனக்க வேனா மக்கா? தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேன்லா” என்றார். வேனுக்குள் இருந்த மற்ற பதினாறு பேரும் யாரோ ஒருவருடைய பிள்ளைகள்தானே என்று கேட்டேன். அவர் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை.

5. அந்தத் தாமதத்துக்குப் பிறகு, வரும் 29ஆம் தேதிக்குள் வேன் நேரத்துக்கு வராவிட்டால் வேறு ஓட்டுநரை அமர்த்துவதாகப் பள்ளியில் அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கும் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

6. இது சரியாகக்கூடியதுதான். ஆகஸ்ட் 6 அன்று, சாலை கூட்டிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் பிச்சம்மாள் நெரிசலைப் பார்த்துப் பொறுக்காமல் நடுவில் வந்து, விளக்குமாற்றை உயர்த்தி, “ஏலே, இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு! பஸ்ஸுக்குப் பொறவு வேனு!” என்று அனுப்பினார். எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். வழக்கமாக இருபத்தைந்து நிமிடம் ஆகும் இடத்தை ஏழு நிமிடத்தில் கடந்தோம். வலது வரிசைக்காரர்களுக்கும் அன்று தாமதமில்லை.

7. ஆகவே, அவ்விடத்தில் “ஒன்று விட்டு ஒன்று” என ஒரு பலகை வைக்கவும், காலை 7.45 முதல் 8.15 வரை ஒரு காவலரை நிறுத்தவும் வேண்டுகிறேன். தாமதத்துக்கு ஓட்டுநர் காரணமல்ல என்று பள்ளிக்கு ஒரு வரி எழுதித் தந்தால், 29ஆம் தேதிக்குள் அது போய்ச் சேர்ந்தால், பெரிய உதவியாக இருக்கும். என் குறிப்பேட்டை நேரில் கொண்டுவந்து காட்டவும் தயார்.

இடம்: சுசீந்திரம்
நாள்: 18.08.2025

நன்றியுடன்,
ப. ஆர்த்திகா

(மனுதாரர் சிறுமி என்பதால் தந்தை கையொப்பம்)

படித்துப் பார்த்தேன். நான்காவது பத்தியில் உள்ள பிக்கப் என்னுடையது. மகள் எழுதியது சரி. காவலர் வரும்வரை காலையில் அரை மணி நேரம் நானே அங்கு நின்று வண்டிகளை அனுப்ப அனுமதி தர வேண்டும்.
சு. பகவதி