கத்திரிப்பூ நிறத்தில் எட்டுப் புடவைகள்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். அல்சூர் ஏரிப் பக்கம் பஸ் நகரவே இல்லை. அலுவலகத்துக்குத் தாமதமாகத்தான் போனேன், யாரும் கேட்கவில்லை. சாட் பிரிவில் அது ஒரு வசதி. வாடிக்கையாளர் தட்டச்சில் கோபப்படுவார், நான் தட்டச்சில் வருந்துவேன். பக்கத்து ஹாலில் போன் பிரிவு. அங்கே சம்பளம் கொஞ்சம் கூடுதல். நேர்காணலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் காம்பவுண்டில் புடவைப் பேச்சு. அக்காவின் வளைகாப்பு 29ஆம் தேதி. எல்லா வீட்டுப் பெண்களும் ஒரே மாதிரி கட்ட வேண்டுமாம். அடுத்த வீட்டு பவுலின் ஆன்ட்டி தையல்காரர், ஜாக்கெட்டெல்லாம் தானே தைத்துத் தருவதாகச் சொன்னார். எதிர்வீட்டு காந்தா ஆன்ட்டி கத்திரிப்பூ நிறம்தான் வேண்டும் என்று பிடிவாதம்.

"சிவாஜிநகர் போய் ஒரே மாதிரி எட்டு தேடறதுக்குள்ள கொழந்தையே பொறந்துடும்" என்றார் பவுலின் ஆன்ட்டி.

"இன்னாத்துக்கு அலையணும்? எங்க வீணா போன்லயே பாத்துடுவா" என்றாள் அம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்தக் காம்பவுண்டில் டிகிரி முடித்தவள் நான் ஒருத்திதான். அம்மா ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டில் சமையல் செய்கிறாள். அப்பா லாரியில், மாதத்துக்கு நாலைந்து நாள்தான் வீட்டில். நான் போனில் ஏதாவது செய்து காட்டும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் நின்று மற்றவர்களின் முகத்தைப் பார்ப்பாள். இன்றைக்கும் அப்படித்தான்.

தலையை ஆட்டினேன்.

ஜூன் 5, வியாழன்

புடவை விற்கும் ஓர் இணையப் பக்கம் கிடைத்தது. நெசவாளரிடமிருந்து நேரடியாக என்று போட்டிருக்கிறார்கள். அதே கத்திரிப்பூ நிறம், மெல்லிய ஜரிகை. மேலே ஒரு வரி: "போன் எடுக்க மாட்டோம். மெசேஜ் மட்டும்."

அது எனக்குப் பிடித்துவிட்டது. போன் செய்து, யாராவது எடுத்து, நான் திக்கி, அவர்கள் "ஹலோ, ஹலோ" என்று கத்தி — அதெல்லாம் வேண்டாம். கேள்வி அனுப்பினால் உடனே பதில். "சொல்லுங்க சிஸ்." மடித்த புடவையின் படம், விரித்த படம், முந்தானை தனியாக. நல்ல தமிழ். எழுத்துப் பிழைகூட இல்லை.

ஜூன் 7, சனி

காந்தா ஆன்ட்டி படத்தைப் பார்த்து, "இதே இதே" என்று என் போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. மற்றவர்களெல்லாம் மாதக் கடைசியில் தருவதாகச் சொன்னபோது அவர் மட்டும் முழுப் பணத்தையும் இன்றே கையில் கொடுத்துவிட்டார்.

பொருள் வந்த பிறகு பணம் என்ற வழி கிடையாதாம். "எட்டும் சேர்த்து ஒரே பார்சல் சிஸ், முழுத் தொகை அனுப்பிட்டா இன்னைக்கே பேக்கிங்." காந்தா ஆன்ட்டியின் பணம், அம்மாவிடம் இருந்தது, மீதி என் சம்பளம். அனுப்பிவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

கூரியர் எண் கொடுத்தார்கள். கூரியரின் தளத்தில் அப்படி ஒரு எண் இல்லை. நாளைக்கு ஏறும் என்கிறார்கள்.

ஜூன் 12, வியாழன்

பார்சல் வரி அலுவலகத்தில் நிற்கிறதாம். இன்னும் ஒரு தொகை கட்ட வேண்டுமாம், பிறகு திரும்ப வந்துவிடுமாம். புடவைகளை வைத்து ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த பதில்: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். தயவுசெய்து பொறுமை காக்கவும்."

இதே வாக்கியத்தை நான் தினமும் எத்தனை பேருக்கு அனுப்புகிறேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லாதபோது அனுப்புவது அது.

வீடியோ வேண்டும் என்று மறுபடி கேட்டேன். அதன் பிறகு என் மெசேஜ் போய்ச் சேரவில்லை. பக்கமும் திறக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

என்ன செய்ய வேண்டும் என்று தேடிப் படித்தாகிவிட்டது. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே போன் செய்ய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் நிறுத்த முடிந்தால் நிறுத்துவார்களாம். உடனே. நேற்றே தெரியும். நேற்று எண்ணை அழுத்தினேன், மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். ஒரு நாளை நானே அவனுக்குக் கொடுத்திருக்கிறேன்.

இன்று மதியம் அலுவலகப் படிக்கட்டில் நின்று செய்தேன். சொல்ல வேண்டியதை முதலில் எழுதி வைத்துக்கொண்டேன். எடுத்தவர் கன்னடத்தில், "ஹேளி மேடம்", சொல்லுங்கள் என்றார். எழுதி வைத்திருந்தது தமிழில். பள்ளிக்கூடக் கன்னடம் வாயில் வந்து நின்றது, பிறகு மெதுவாக ஓடியது. பரிவர்த்தனை எண், அவர்களுடைய யுபிஐ பெயர், எந்த வங்கி, எத்தனை மணிக்கு. திட்டுவார் என்று நினைத்திருந்தேன். ஏன் அனுப்பினீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. புகார் எண் மெசேஜில் வரும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

ஜூன் 14, சனி

வங்கிக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். சைபர் கிரைம் தளத்தில் படங்களை ஏற்றினேன். அந்த மெசேஜ்களை நேற்று அழித்துவிடத் தோன்றியது — அந்த 'சிஸ்' எல்லாம் பார்க்கவே கூசுகிறது. அழிக்காதது நல்லதாகப் போயிற்று. அதுதான் சாட்சியாம்.

வீட்டில் சொல்லவில்லை.

ஜூன் 16, திங்கள்

"பார்சல் எங்கடி வருது?"

"வருதும்மா."

பவுலின் ஆன்ட்டி எல்லோருக்கும் அளவு எடுத்து முடித்துவிட்டார். காந்தா ஆன்ட்டி நிறத்துக்குப் பொருத்தமாகக் கண்ணாடி வளையலே வாங்கிவிட்டார். வாசலில் என்னை நிறுத்திக் காட்டினார். நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

யாரிடமாவது கடன் வாங்கி, சிவாஜிநகரில் இதே மாதிரி எட்டு வாங்கிவிட்டால் என்ன? யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் யாரிடம் கேட்பது? கேட்பதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே.

ஜூன் 17, செவ்வாய்

எழுதவே கை கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

இணையத்தில் என்னைப் போல ஏமாந்தவர்கள் எழுதியிருந்த ஓர் இடத்தில் நானும் இரண்டு வரி போட்டிருந்தேன். அதைப் பார்த்து ஒருவர் மெசேஜ் அனுப்பினார். பணத்தை மீட்டுத் தரும் அதிகாரியாம். அடையாள அட்டைப் படம், முத்திரை, எல்லாம் இருந்தது. முழுப் பணமும் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும், அதற்கு முன்னால் ஒரு சின்னக் கட்டணம். வெள்ளிக்கிழமை என்றால் நேரம் இருக்கிறது. யாருக்கும் சொல்லாமலே முடிந்துவிடும்.

ரகசிய எண்ணில் பாதி அழுத்திவிட்டேன். அப்போது இன்னொரு மெசேஜ்: "இதை வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம். கேஸ் கெட்டுவிடும்."

கை நின்றுவிட்டது. அவன் சொல்லாமலே நான் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்? சொல்லாத ஆள் என்று தெரிந்துதான் வருகிறார்கள். புடவைக்காரனும் அப்படித்தான் வந்தான்.

அந்த எண்ணையும் புகாரில் சேர்த்துவிட்டேன். அம்மாவிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 18, புதன்

சொன்னேன்.

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும்வரை நறுக்கிக்கொண்டேதான் இருந்தாள். பிறகு, "எப்போ தெரியும்?" என்றாள். போன வியாழன் என்றேன். "அன்னிலேர்ந்து தனியாவா வச்சினு இருந்த?" நறுக்கியதைச் சட்டியில் அள்ளிப் போட்டபடி, "காந்தாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்றாள். நானே சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் தண்ணீர் விடும் நேரம். எல்லோரும் குழாயடியில் இருந்தார்கள். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். குடம் நிரம்பி வழிந்தது, யாரும் நகர்த்தவில்லை.

காந்தா ஆன்ட்டி முதலில் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்திருக்கிறார். பிறகு முகம் மாறியது.

"டிகிரி படிச்சவ கையில குடுத்தா பத்திரம்னு நெனச்சேன்மா."

"நீயும்தான காந்தா போட்டோ பாத்து, இதே இதேன்னு குதிச்ச?" என்றார் பவுலின் ஆன்ட்டி.

"நான் குதிப்பேன். எனக்கு இன்னா தெரியும்? அவ படிச்சவ, அவ தடுக்க வேணாமா?"

"போலீஸ்ல குடுத்திருக்கா இல்ல, விடு."

"போலீஸ் சும்னே இவ வீட்டுக்கு மணியார்டர் அனுப்புவானா? எனக்கு என் காசு வாபஸ் வேணும். கையில."

"தரேன் ஆன்ட்டி" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது.

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை. எங்கள் குடத்தை எடுத்தாள், நானும் பின்னாலேயே உள்ளே வந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

ஸ்டேஷனில் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா கூட வருவதாகச் சொன்னாள், வேண்டாம் என்றேன். பெண் போலீஸ் ஒருவர் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். நடுவில் ஒருமுறை, "என் தங்கையும் இப்படித்தான், குழந்தைக்கு ஃபிராக் வாங்கப் போய்" என்றார் கன்னடத்தில். மறுபடி எழுத ஆரம்பித்தார்.

ஜூன் 22, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். அவளிடமும் சொல்லியாகிவிட்டது. "புடவையாடி இப்ப முக்கியம்? எனக்கு மூச்சு வாங்குது, அந்தத் தலகாணிய எடு" என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

வளைகாப்பு நன்றாக நடந்தது. பவுலின் ஆன்ட்டி தன் கல்யாணத்துக்கு மறுநாள் கட்டிய புடவையைக் கட்டி வந்தார். இடுப்பில் ஒரு சுற்று போதவில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார். ஆளுக்கொரு நிறம். போட்டோவில் யாரும் யாரோடும் சேரவில்லை. அக்காவின் கை முழங்கை வரை வளையல்.

காந்தா ஆன்ட்டி வரவில்லை. கதவு உள்பக்கமாகச் சாத்தியிருந்தது. டிவி சத்தம் மட்டும் கேட்டது. ஐந்து வகைச் சாதத்தையும் தட்டில் வைத்து அம்மா கொண்டுபோய்க் கொடுத்தாள். "அவ வாங்கிக்கினா" என்றாள். ஆறு வருஷமாக எதிரெதிர் வீட்டில் இருக்கிறோம். நான் கல்லூரிக்குப் போன முதல் நாள் தலையில் பூ வைத்துவிட்டது அவர்தான்.

பணத்தைவிட இதுதான் இரவெல்லாம் மனதில் ஓடுகிறது.

ஜூலை 1, செவ்வாய்

சம்பளம் வந்தது. காந்தா ஆன்ட்டியின் பணம் முழுவதையும் நோட்டாக எடுத்துக்கொண்டு போனேன். நிலைப்படியில் நின்றபடியே வாங்கிக்கொண்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

ஜூலை 24, வியாழன்

வங்கியிலிருந்து தகவல். எங்கள் பணத்தில் ஒரு பகுதியை வேறொரு வங்கிக் கணக்கில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். பாதிக்கும் குறைவு. கோர்ட் உத்தரவு கிடைத்தால்தான் வெளியே எடுக்க முடியும். எப்படி விண்ணப்பிப்பது என்று ஸ்டேஷனில் கேட்டு வந்தேன். மாதங்கள் ஆகலாம். முதல் நாளே போன் செய்திருந்தால் இன்னும் கொஞ்சம் நின்றிருக்குமோ? இருக்கலாம். தெரியாது.

அம்மாவிடம் சொன்னேன். "வந்த வரைக்கும் சரி" என்றாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அக்காவுக்குப் பெண் குழந்தை. அம்மா ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாள். நான் சமைத்தேன், உப்பு கூடிவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

மதியம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். காந்தா ஆன்ட்டி வாசலுக்கு வந்தார். கையில் போன், லைனில் யாரோ பேசிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. முகம் வேர்த்திருந்தது.

"வீணா, கரண்ட் பில்லு கட்டலியாம். ராத்திரிக்கு கட் பண்ணிடுவாங்களாம். பத்து ரூபா அனுப்பச் சொன்னான், அனுப்பிட்டேன். இப்ப என்னத்தையோ எறக்கிக்கச் சொல்றான், எனக்குப் புரியல."

போனை வாங்கினேன். வாங்கிய பிறகுதான் பேச வேண்டும் என்பதே உறைத்தது. எந்த ஆபீஸ், உங்கள் பெயர் என்ன, மீட்டர் எண் என்ன என்று கேட்டேன். பெயர் சொன்னான். மீட்டர் எண்ணுக்குக் குரலை உயர்த்தினான். நான் உயர்த்தவில்லை. "எண்ணைச் சொல்லுங்க" என்று அதையே மறுபடி கேட்டேன். வைத்துவிட்டான்.

அவர் எதையும் இறக்கியிருக்கவில்லை. ஆனால் கார்டின் எண்ணை அவனுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். முதலில் வங்கிக்குப் போன் போட்டு கார்டை நிறுத்தச் செய்தோம். அவருடைய சம்பளம் வருவது அந்தக் கணக்கில்தான். பத்து ரூபாயைத் தவிர எதுவும் போகவில்லை என்று அங்கே சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் வந்து கீழே உட்கார்ந்தார். மின்விசிறியை வேகமாக வைத்தேன்.

"அவன் அவ்ளோ மரியாதையா பேசினான்மா. அம்மா, அம்மான்னு."

"ம்."

"நீயும் இப்படித்தான்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

1930க்கும் சொல்லிவிட வேண்டும் என்றேன். நான் பேசட்டுமா என்று கேட்டேன்.

"நானே பேசறேன். நீ பக்கத்துல உக்காரு."

எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணி அடித்தபோது என் முழங்காலின் மேல் கை வைத்துக்கொண்டார். கன்னடத்தில் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார், காம்பவுண்டுக்கே கேட்கும் குரலில். எத்தனை மணிக்கு போன் வந்தது, அவன் என்ன சொன்னான், அப்போது தான் என்ன சமைத்துக்கொண்டிருந்தார் என்பதுவரை. அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"இல்லப்பா, தனியாக இல்லை" என்றார் அதே கன்னடத்தில். "எங்கள் வீட்டுப் பெண் கூட இருக்கிறாள்."