திருகாத மூடி

என் அருமைப் பேத்திக்கு,

உன் பாட்டி எழுதுவது. நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். முட்டிவலி அதன் இஷ்டத்துக்கு வருகிறது, போகிறது, நான் கண்டுகொள்வதில்லை. கப்பலில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை அனுப்பிய படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. ஆனாலும் காதில் அந்தப் பெரிய மூடியை மாட்டிக்கொண்டு, நெற்றியில் கிரீஸோடு, இன்ஜின் பக்கத்தில் நிற்கிறாயே ஒரு நிற்பு! தெருவில் அந்தப் படத்தைக் காட்டாத வீடு இல்லை. பொம்பளைப் பிள்ளைக்கு இன்ஜின் ரூமில் என்ன வேலை என்று தையல்காரி இழுத்தாள். உன் தையல் மெஷின் சிக்கிக்கிட்ட அன்னிக்கு எந்த ஆம்பளையைத் தேடி ஓடுனே, என் பேத்தியைத்தானே என்று கேட்டேன். ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொண்டாள்.

இனி எழுதப்போவதைப் போனில் சொல்லியிருக்கலாம். முடியவில்லை. உன் குரல் கேட்டதும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். அதனால் எனக்குத் தெரிந்த ஐந்தாம் வகுப்புத் தமிழில் எழுதுகிறேன். வேலை நேரத்தில் பிரிக்காதே. உட்கார்ந்து படி.

உங்கப்பாவின் படகை உன் மாமா ஓட்டப்போகிறார். உன் அம்மா எடுத்த முடிவு. கட்டிப்போட்டே வைத்திருந்தால் பலகையும் உளுத்து இன்ஜினும் துருவாகிவிடும், வயிறு என்று ஒன்று இருக்கிறது அத்தை என்றாள். நியாயம்தான். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணம் சொன்னால் நீ சிரிப்பாய். ஆளில்லாத படகை இழுத்துவந்து கட்டிய நாள்முதல் எனக்கு ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பட்டப்பகலில், துணி அலசும்போது, அரிசி களையும்போது. படகின் பின்குழாய் தண்ணீர் துப்புகிற சத்தம்.

உனக்குத்தான் தெரியுமே. கடலுக்குப் போய்வந்தால் எவ்வளவு பசி என்றாலும் உங்கப்பா நேரே வீட்டுக்கு வரமாட்டான். நல்ல தண்ணீர்க் குழாயைச் சொருகி, இன்ஜினை ஓடவிட்டு, சூடு ஆற்ற உறிஞ்சின கடல் தண்ணீரின் உப்பையெல்லாம் கழுவித் தள்ளிவிட்டுத்தான் கரையேறுவான். பின்குழாயில் விழுகிற தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைப்பான். கரித்தால் இன்னும் ஓடும். சப்பென்று ஆனால்தான் நிறுத்துவான். சோறு ஆறுதுடா என்று நான் கத்துவேன். இரும்மா, நாள் முழுக்க உப்புத்தண்ணி குடிச்சிருக்கு, வாய் கொப்பளிக்க விட வேணாமா என்பான்.

அந்தக் கொப்பளிப்புதான் கேட்டது. எட்டிப் பார்த்தால் படகு சும்மா ஆடிக்கொண்டு நிற்கும். நான் என்னை அறியாமல் தட்டு ஒன்றைக் கூடுதலாக எடுத்து வைத்திருப்பேன். உன் அம்மா அதை அடுக்கில் திரும்பவும் செருகிவிடுவாள்.

அவன் ஓடிப்போய்விட்டான் என்று நாம் முடிவுகட்டிவிட்டோம். வீட்டில் நடந்த சண்டையும் அப்படி. கூட வருகிறவனுக்குக் காய்ச்சல் என்று அன்று தனியாகப் போனான். அடுத்த துறைமுகத்தின் பக்கம், கரை தெரிகிற தூரத்தில், அலையே இல்லாத கடலில் படகு ஆளில்லாமல் கிடந்தது. சட்டையும் செருப்பும் உள்ளேயே இருந்தன. நீச்சலில் அவனை மிஞ்ச ஆளில்லை, நீந்திக் கரையேறிப் போயிருப்பான் என்றார்கள். போதாததற்கு ஐஸ்காரர் வேறு, அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் என் கண்ணால் பார்த்தேன், கூட ஒரு பெண் என்று அடித்துச் சொன்னார். நீ சுவரிலிருந்த படத்தைக் கழற்றி என் பெட்டிக்குள் கவிழ்த்துப் போட்டாய். அந்த ஆள் பேச்சை எடுத்தால் இனி போனே பண்ணமாட்டேன் என்றாய். நானும் எடுக்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஐஸ்காரர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எவளோடோ, எங்கேயோ, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கட்டும். நன்றிகெட்டவனாகவே இருக்கட்டும். ஊரார் அவனைத் திட்டும்போதெல்லாம் எனக்கு உள்ளே குளிர்ந்தது. இருக்கிறவனைத்தானே திட்டுவார்கள்.

போன வாரம் படகைக் கரையில் ஏற்றினார்கள். உன் மாமா வாய் ஓயாமல் பேசிக்கொண்டேதான் வேலை தொடங்கினார். அவர் வாய்க்குத்தான் முதலில் வடிகட்டி போடணும் என்று உங்கப்பா சொல்வானே, அதே ஆள்தான். அடிப்பலகையைத் தூக்கி இன்ஜின் குழிக்குள் இறங்கினார். நான் மேலே உட்கார்ந்து டார்ச் பிடித்தேன். திடீரென்று பேச்சு நின்றது. என்னப்பா பாம்பா என்றேன். இல்லை அத்தை என்றார், அவ்வளவுதான்.

கடல் தண்ணீர் உள்ளே வருகிற வால்வு மூடியிருந்தது. அதற்கு அடுத்தாற்போல் குப்பை பிடிக்கிற வடிகட்டி. அதன் கூடை கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. மூடி மட்டும் திருகியிருக்கவில்லை. டீ டம்ளர் மேல் தட்டை வைப்பதுபோல் சும்மா வைத்திருந்தது. உன் மாமா அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பம்பைப் பிரித்தார். உள்ளே சுழல்கிற ரப்பர் இறக்கைகள் கருகி உதிர்ந்து கிடந்தன. தண்ணியே இல்லாம ஓடியிருக்கு அத்தை என்றார். மாமா வேலையை இப்படி அரைகுறையா விடுற ஆளா, திரும்பி வந்து திருகத்தான் வச்சிருக்கார் என்று உங்கப்பாவைச் சொன்னார்.

அப்புறம் படகுக்கு அடியில் படுத்து உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. நானும் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். தண்ணீர் உறிஞ்சுகிற துவாரத்தில் தடித்த நீல பிளாஸ்டிக் தாள் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. பாசியும் சிப்பியும் அதன்மேல் ஏறியிருந்தன. ஓரத்திலிருந்து நேராக ஒரு வெட்டு. கத்தி வெட்டு. பாதிவரை வந்து நின்றுவிட்டது.

உனக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். இன்ஜின் சூடேறியதும் நிறுத்தியிருக்கிறான். வடிகட்டியைச் சுத்தம் செய்திருக்கிறான். வால்வைத் திறந்து பார்த்தும் தண்ணீர் ஏறவில்லை, திரும்பவும் மூடியிருக்கிறான். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கியிருக்கிறான். பெரிய கப்பல் ஏதாவது கடந்துபோன அலையில் படகு தூக்கிப்போட்டுத் தலையில் இடித்ததோ, என்னவோ.

உன் அம்மா அப்போதுதான் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு வந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் கேனை வைத்துவிட்டு அவளும் அடியில் நுழைந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். வைதாள். படகின் அடிவயிற்றைப் பார்த்தே வைதாள். பாவி, ஒரு வாய்ச்சொல் சொல்ல ஆளில்லாத இடத்துல இறங்கலாமா, இன்ஜின் போனா மயிரு போச்சுன்னு விட்டுட்டு உக்காந்திருக்கக் கூடாதா, ஓடிப்போனவன்னு என் வாயாலயே ஊருக்குச் சொல்ல வச்சிட்டியேடா என்று. அவள் அவனை டா போட்டு நான் கேட்டதில்லை. உன் மாமா சுரண்டுகிற தகட்டை எடுத்தபோது, அந்த இடத்தை நான் பார்த்துக்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள்.

இன்ஜினைக் கழுவுகிற வேலை பாக்கி இருந்தது. சூடு ஆற்றுகிற பெட்டியின் மூடியைக் கழற்றியதும் உள்ளே தேங்கிக் கிடந்த தண்ணீர் வழிந்தது. நான் ஓடிப்போய் வாளியை வைத்தேன். எதுக்கு அத்தை இந்த அழுக்குத்தண்ணி என்றார் உன் மாமா. அன்றைக்கு அவன் இருந்த கடல் அது. அதற்குப் பிறகு இந்த இன்ஜின் வேறு தண்ணீர் குடிக்கவில்லை. விரலை வைத்து நாக்கில் தொட்டேன். துருவும் உப்புமாக இருந்தது. வாளியைக் கையில் பிடித்துக்கொண்டே எவ்வளவு நேரம் இருந்தேனோ. உன் அம்மாதான் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிறகு உப்பைக் கரைக்கிற மருந்தை ஊற்றி ஊறவைத்து, புது ரப்பர் போட்டு, நல்ல தண்ணீரை விட்டு ஓட்டினார்கள். பின்குழாய் கறுப்பாகத் துப்பியது, அப்புறம் பழுப்பாக, அப்புறம் தெளிந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் எனக்குக் கேட்பதில்லை. அரிசியைக் களைந்துகொண்டே காதைத் தீட்டி உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றுமில்லை. கேட்டபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை.

நீ இன்ஜின் படித்தவள். வேறு எப்படியாவது நடந்திருக்க வழியுண்டா? அறுத்துக்கொண்டிருந்தவன் பாதியில் விட்டுவிட்டுக் கரைக்கு நீந்திப்போயிருக்கக் கூடாதா? வேண்டாம், இதற்குப் பதில் எழுதாதே. மூடியைப் பார்த்தேன், எனக்கே தெரிகிறது. உன்னிடம் கேட்பது வேறு. அடுத்த தடவை போன் செய்யும்போது, ஒரே ஒரு தடவை, அப்பா என்று சொல்லு. உன் அம்மா காதில் விழட்டும்.

படத்தை எடுத்துத் துடைத்திருக்கிறேன். நீ வந்து மாட்டு.

இன்னொன்று. உன் கப்பல் எவ்வளவு பெரிதோ, அதன் இன்ஜின் எத்தனை கோடியோ, எனக்குத் தெரியாது. என்றைக்காவது தண்ணீர் ஏறவில்லை என்றால் நிறுத்து. ஆட்களைக் கூப்பிடு. யாரும் வரவில்லையா, சும்மா உட்கார். வெந்து உருகி அது இரும்புக்கட்டியாகப் போனாலும் போகட்டும். யார் திட்டினாலும் திட்டட்டும், வேலையை விட்டே துரத்தட்டும், உனக்குச் சோறு போட நான் இருக்கிறேன். நீ மட்டும் இறங்காதே கண்ணு. இறங்கமாட்டேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பு.

உன் உச்சியில் கைவைத்து ஆசீர்வதிக்கும்,
உன் பாட்டி