ஒரு செம்பு நல்ல தண்ணீர்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போன கிழமை பஸ்ஸில், முன்பின் தெரியாத ஒருத்தியின் பின்னலை மோந்து பார்த்தேன். மண்டைதீவுச் சந்தியில் பஸ் குலுங்க, என் மூக்கு அவளுடைய தலையில் போய் முட்டியது. முட்டியது தற்செயல். இரண்டாம் தரம் மோந்தது தற்செயல் இல்லை. வெந்தயமும் செவ்வரத்தம் இலையும் சேர்த்து அரைத்த மணம். அவள் திரும்பி முறைத்தாள்.

"கோவிக்காதையும் பிள்ளை, எனக்குத் தெரிஞ்ச ஒராளின்ரை மணம்" என்றேன். அவள் எழும்பி வேறு சீற்றுக்குப் போய்விட்டாள்.

நீர் உயிரோடு இருந்திருந்தால் சிரித்தே புரைக்கேறியிருக்கும்.

நெடுந்தீவுக் கந்தோரில் நமக்கு அடுத்தடுத்த மேசை. என் ஊர் புளியங்கூடலிலிருந்து தினமும் வள்ளம் ஏறி வர ஏலாமல், கிழமை நாட்களில் உம்முடைய வீட்டில்தான் தங்கினேன். அந்த வருடம் டெங்குக் காய்ச்சல் மாறிய கையோடு என் முடி பிடிபிடியாகக் கொட்டியது. காலையில் தலையணையைப் பார்த்தால் பூனை படுத்தெழும்பிய இடம் போலிருக்கும். இந்தக் கோலத்தில் சனத்துக்கு முன்னால் இருக்க மாட்டேன், வேலையை விடுகிறேன் என்று கடிதம் எழுதி உம்மிடம் நீட்டினேன்.

நீர் ஆறுதலாக வாசித்தீர். பிறகு அதைக் கூம்புச் சரையாகச் சுருட்டி, உள்ளே வெந்தயத்தைக் கொட்டினீர்.

"முடி கொட்டினதுக்கு வேலையை விடுறதெண்டால், எங்கடை கந்தோரிலை ஒரு ஆம்பிளையும் மிஞ்சான். வாரும் கிணத்தடிக்கு."

செவ்வாய் தோறும் அரைத்துப் பூசினீர். உங்கள் கிணறு உப்புச் சவர். அதில் முழுகினால் முடி தும்பாகிவிடும். பவுசர் லொறியில் வரும் நல்ல தண்ணீர் குடிக்க மட்டும். அதில் கை கழுவினால் உம்முடைய பிள்ளைகளுக்கே அடி விழும். அந்தத் தண்ணீரில் கடைசி அலசலுக்கு ஒரு செம்பு எடுத்துவந்து, பிடரியிலிருந்து மெல்ல மெல்ல, விரலால் வழிகாட்டி, என் தலையில் ஊற்றினீர். கந்தோர் பெரியவரின் மீசை மையைப் பற்றிப் பாதிக் கதையில் இருந்த நான் வாயை மூடினேன். கோயிலில்கூட நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

உம்முடைய மனுசன் குசினியிலிருந்து சத்தம் போட்டார்.

"தேத்தண்ணிக்குத் தண்ணி எங்கையப்பா?"

"இண்டைக்கு உங்கடை தேத்தண்ணியை இவவின்ரை தலை குடிச்சிட்டுது."

அவர் வந்து என் தலையை ஒருதரம் பார்த்தார். "அப்ப சீனியும் போட்டிருக்கலாமே" என்றுவிட்டு, வெறும் வாயோடு மாட்டை அவிழ்க்கப் போனார்.

"ஈரத்தலையிலை சீப்பு வைச்சீரோ, கையை முறிப்பன்" என்பீர். நிழலில்தான் உலர்த்த வேண்டும். எண்ணெய் விரல் நுனியளவு போதும். எல்லாம் கேட்டேன். ஆறாம் மாதம் உச்சியில் புதுமுடி முள்ளம்பன்றியாகக் குத்திக்கொண்டு நின்றது. வேலையும் நிலைத்தது. அதே மேசையில்தான் இன்றும் இருக்கிறேன். அடுத்த மேசையில் வேறொருத்தி.

இப்போது என் வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது. என்றாலும் முழுகும்போது கடைசிச் செம்பை மட்டும் அவசரமாக ஊற்ற எனக்குக் கை வருவதில்லை. நாலு பேரின் தாகத்தை ஒருத்தி என் தலையில் ஊற்றினாள் என்ற பிரமிப்பு இன்னும் போகவில்லை.

உம்முடைய திவசத்தன்று இந்தக் கதையை உம்முடைய தங்கச்சியிடம் சொல்லிக் கண் கலங்கினேன். அவள் சோறு பரிமாறியபடியே சொன்னாள்:

"அக்காவுக்கும் சின்னனிலை நெருப்புக்காய்ச்சல் வந்து ஒருக்கால் தலை முழுக்கக் கொட்டினது. ஒண்டும் பூசேல்லை. ஆறு மாசத்திலை தானா வளந்திட்டுது."