மருந்து போடாத கோழி

2, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. பெரகல ரோடே தெரியவில்லை. கூட்டுக்குள் மரத்தூள் எல்லாம் ஈரம். குஞ்சு இருநூறு, வயது மூன்று வாரம். எச்சம் தண்ணியாய்ப் போகிறது. இருபதுக்கு மேல் இறக்கை தொங்கி நிற்கின்றன.

இந்தத் தடவை மருந்தே போடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பண்டாரவளையில் ஹோட்டல்களுக்குக் கோழி எடுக்கும் வியாபாரி கேட்டது. கோழி எடுக்கிற அன்று கையெழுத்து வேறு வைக்க வேண்டும். எனக்கும் மருந்து வேண்டாம்தான். போன வருஷம் கைப்புண் ஆறாமல், மருந்து மாற்றி மாற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கோழிக்கு நான் கலக்கும் மருந்தைப் பற்றியே டாக்டர் அம்மா தோண்டித் தோண்டிக் கேட்டார். கோழி மருந்துக்குப் பழகிப்போன கிருமிக்கு நம் மருந்தும் பிடிக்காதாம். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

மருந்துக்குப் பதில், குடிக்கிற தண்ணீரில் கலக்க இரண்டு பைக்கட் மா. ஒன்றில் நல்ல கிருமி. மற்றது அந்தக் கிருமிக்குத் தீனியாம். கோழிக்குத் தீனி போடவே நாக்குத் தள்ளுகிறது, கிருமிக்கும் நானா? விற்ற கடைக்காரன் முகமே சரியில்லை. வெறும் அரிசி மாவாக இருக்கும்.

4, வியாழன்

செத்தது ஆறு. கூட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் தேயிலை ஸ்டோரில் வேலை முடிந்து வந்து பார்த்தார்.

"பழைய மருந்தயே போட்டுத் தொலையேன் புள்ள."

மாட்டேன் என்றேன்.

மா கலக்குவதில் என்னைக் குறை சொல்ல முடியாது. பால்மா கரைக்கிற மாதிரி, தளதளவென்று கொதித்த தண்ணீரில், கட்டியில்லாமல் அடித்து, ஆறவைத்துத்தான் வைக்கிறேன்.

வாங்க: மரத்தூள், சவர்க்காரம், பல்பு ஒன்று.

7, ஞாயிறு

எச்சம் கெட்டி. ஒன்றுகூடச் சாகவில்லை. தீனிக்கு அடிபிடி.

சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை. இரண்டு மூன்று நாளில் இப்படியா? வீட்டுக்காரர் வேறு நான் சொல்லாமலே கூட்டுக்குத் தண்ணீர் தூக்குகிறார். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், ஒரு வாளி தூக்கிக் கொடுத்ததில்லை.

"ஒம் மாவு வேல செய்யுது" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

10, புதன்

வெயில். துணி காய்ந்தது.

கால்நடை ஆபீஸ் அம்மா வந்தார். பைக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தத் தண்ணியில கலக்குறீங்க?"

"கொதி தண்ணியிலங்க."

"ஐயோ அக்கா, இது உசுருள்ள சாமான். கொதி தண்ணியில போட்டா எல்லாம் செத்துருமே! பைக்கட்டுல போட்டிருக்கு பாருங்க."

போட்டிருக்கிறதுதான். சிங்களத்தில், இங்கிலீஷில் மட்டும்.

வெட்கமாகப் போய்விட்டது. கடைக்காரன்மேல் பழி போட்டதும் பாவம். அம்மா போன பிறகுதான் உறைத்தது. நான் கொடுத்தது செத்த மா என்றால், குஞ்சுகள் எப்படிப் பிழைத்தன? சில நேரம் தானாகவும் தேறும் என்றார் அம்மா. தேறலாம். வாளி தூக்கியது யார்?

11, வியாழன்

தண்ணீரில் மருந்து கலந்தீர்களா என்று சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"நீ எதுக்கெடுத்தாலும் சந்தேகந்தான்" என்றார். பிறகு பிசைந்த சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார்.

"மூணு நாளு போட்டேன். நீ அழுவுறதப் பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

எனக்காகவாம். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன். பாசமும் இருந்திருக்கும், இல்லையென்று எழுதினால் பொய். ஆனாலும் ஏமாற்றினது ஏமாற்றினதுதான்.

19, வெள்ளி

லொறியோடு வியாபாரி. தாளை நீட்டினார். மருந்து போட்டாயிற்று, கையெழுத்து வைக்க முடியாது என்றேன். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அத யாரு அக்கா கேட்டா? நீங்க கையெழுத்த மட்டும் வைங்க. எல்லாரும் வைக்கிறாங்க."

எல்லாரும்!

வைக்கவில்லை. லொறி வெறுமனே திரும்பியது. இனிப் பதுளையில் சாதாரணக் கோழியாகத்தான் விற்க வேண்டும்.

மிச்ச மருந்தை எடுங்க என்றேன் வீட்டுக்காரரிடம். பாதிப் போத்தல் கொடுத்தார்.

"இன்னொண்ணு இருக்கா?"

"சத்தியமா இல்ல."

நம்பவில்லை. கூட்டுச் சாவியை ஊக்கில் மாட்டித் தாலிக்கொடியில் கோர்த்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டே நின்றார். நிற்கட்டும்.